துப்பறியும் கதாசிரியரின் வருஷக் கணக்கு

வருஷம் முடிகிறபோது வியாபாரிகள் ஐந்தொகை எடுப்பார்கள். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, இருப்பு என்ன என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு கோடு போடுவார்கள். எழுத்தாளனிடமும் பத்திரிகைக்காரர்கள் இப்படி ஒரு கணக்குக் கேட்பது வழக்கமாகிவிட்டது. சென்ற வருஷம் என்ன செய்தீர்கள், வருகிற வருஷம் என்ன எழுதப் போகிறீர்கள்? சமூக நாவல் எழுதுகிறவர் இன்னும் பெரிய சமூக நாவல் எழுதப் போவதாகச் சொல்கிறார். சரித்திர நாவல் எழுதுகிறவர் இன்னொரு சாம்ராஜ்யத்தின் பெயரைச் சொல்கிறார். துப்பறியும் நாவல் எழுதுகிறவர் மட்டும் சற்றுத் தயங்கி, அடுத்த வருஷமாவது உண்மையான நாவல் ஒன்று எழுதிவிட வேண்டும் என்கிறார்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதில் நியாயம் உண்டா என்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இதற்கு மலர்க் கட்டுரைகள் உதவமாட்டா. அவற்றில் எழுத்தாளர்கள் சபைக்கு ஏற்ற முகத்தோடு வந்து நிற்பார்கள். ஆனால் தம் மனக் கணக்கைக் கட்டுரையாக எழுதாமல் கதையாகவே எழுதி, அதை டிசம்பர் மாதத்தில் அச்சேற்றியவர் ஒருவர் இருந்தார். ஆர்தர் கானன் டாயில்தான் அவர். கதையின் பெயரைத் தமிழில் 'கடைசிப் பிரச்னை' என்று சொல்லலாம். 1893ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் அது வெளிவந்தது. ஸ்விட்சர்லாந்தில் ரைஷன்பாக் என்ற அருவியின் ஓரத்தில், தம்முடைய சிருஷ்டியான ஷெர்லாக் ஹோம்ஸைப் பேராசிரியர் மோரியார்ட்டியோடு மல்லுக்கட்ட விட்டு, இருவரையும் பள்ளத்தில் தள்ளிக் கணக்கைத் தீர்த்துவிட்டார் ஆசிரியர். வருஷ முடிவில் ஒரு நாவலாசிரியன் நினைப்பதை இவ்வளவு பச்சையாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஹோம்ஸ் பிறந்ததும் ஒரு வருஷக் கடைசியில்தான். நம் ஊரில் தீபாவளி மலர்கள் வருகிற மாதிரி இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் மலர்கள் வந்துகொண்டிருந்தன. 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்' அவற்றில் ஒன்று. ஸௌத்ஸீ என்ற ஊரில் வைத்தியத் தொழில் நடத்திவந்த இளம் டாக்டர் ஒருவர் 1886இல் எழுதிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற நாவல் போன இடங்களிலிருந்தெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு பிரசுராலயத்தார், சந்தையில் மலிவுக் கதைகள் குவிந்து கிடக்கின்றன, ஒரு வருஷம் பொறுத்திருந்தால் போடுகிறோம் என்று சொல்லி, சகல உரிமைகளுக்கும் சேர்த்து 25 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். 1887ஆம் வருஷத்து மலரில் அது வந்தது. மறு வருஷம் தனிப் புத்தகமாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் ஆசிரியரின் தகப்பனார் சார்ல்ஸ் டாயில். குடியினால் சீர்கெட்டு மனநோய் விடுதியில் இருந்தபடி அவர் வரைந்த படங்கள் அவை. ஹோம்ஸுக்கு அவர் தாடி வைத்துவிட்டார். பின்னால் சிட்னி பாஜெட் என்ற சித்திரக்காரர் வந்துதான் இன்று உலகம் அறிந்த முகத்தைக் கொடுத்தார்.

'ஸ்ட்ராண்ட்' 1891 ஜனவரியில் ஆரம்பமான பத்திரிகை. அதற்குக் கதை எழுத உட்கார்ந்தபோது கானன் டாயிலுக்கு ஒரு யோசனை உதித்தது. தொடர்கதையில் ஓர் இதழ் தவறிவிட்டால் வாசகன் பிறகு அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஆகவே பாத்திரம் ஒன்றாக இருக்கட்டும். கதை மட்டும் அந்தந்த இதழில் முடிந்துவிடட்டும். இன்று பத்திரிகைக்குப் பத்திரிகை கையாளுகிற முறைதான். அன்று அது புதுசு. 1891 ஜூலையில் முதல் கதை வந்தது. ஆனால் இந்த யோசனையில் ஆசிரியன் கழுத்துக்கு ஒரு சுருக்கும் இருந்தது. தொடர்கதை என்றால் என்றைக்காவது 'முற்றும்' போட்டுவிடலாம். இந்தக் கதைகள் ஒவ்வொன்றும் முடியும். மொத்தத்தில் முடியவே முடியாது. வாசகன் கேட்கிற வரையில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறு மாதம் போவதற்குள்ளேயே அவருக்கு அலுத்துவிட்டது. 1891 நவம்பரில் தாயாருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் மேலும் ஆறு கதை கேட்டிருந்தார்கள். கதை நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் 50 பவுன் வேண்டும் என்று கேட்டால் போய்விடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படிக் கேட்டார், உடனே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஐந்து கதைகளை முடித்துவிட்டேன், ஆறாவதில் ஹோம்ஸைக் கொன்று தீர்த்துவிடலாம் என்று இருக்கிறேன், மேலான விஷயங்களில் மனசு போகாமல் இவன் தடுக்கிறான் என்று தாயாருக்கு எழுதுகிறார். அந்த அம்மாள் பதறிப்போய்க் கூடவே கூடாது என்றார். கதைக்கு ஒரு கருவும் அவரே கொடுத்தார். அழகான கூந்தலையுடைய ஒரு பெண்ணை வேலைக்கு அமர்த்தி, கூந்தலை வெட்டிக்கொள்ளச் சொல்லுகிற கதை அது. மகன் கேட்டுக்கொண்டார். ஹோம்ஸின் ஆயுசு இரண்டு வருஷம் நீண்டது.

அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது முடிந்திருந்த ஐந்து கதைகள் எவை என்று பார்த்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' அவற்றில் ஒன்று. பாம்பும் மணிக்கயிறும் வருகிற அந்தக் கதையைப் படித்தவர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இன்னொன்று 'நீல மாணிக்கம்' என்று நாம் சொல்லக்கூடிய கதை. இது 1892 ஜனவரி இதழில், புது வருஷத்துக்கென்றே வந்த மாதிரி வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாளைக்கு மறுநாள் நடக்கிற கதை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், மேலான விஷயங்களுக்குத் தடை என்று ஆசிரியர் ஒதுக்க நினைத்த சரக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

ஒரு பழைய தொப்பியும், விருந்துக்காக வாங்கின ஒரு வாத்தும் தெருவில் கிடந்து ஹோம்ஸிடம் வந்துசேருகின்றன. தொப்பியை வைத்துக்கொண்டு அதன் சொந்தக்காரன் கதையை ஹோம்ஸ் சொல்லுகிறார். ஒரு காலத்தில் நன்றாக இருந்தவன். மூன்று வருஷமாகப் புதுத் தொப்பி வாங்க வழியில்லை. வாரக்கணக்கில் தொப்பி தூசி தட்டப்படாமல் இருப்பதால் மனைவிக்கு அவன் மேல் பிரியம் போய்விட்டது. மெழுகுக் கறை பட்டிருப்பதால் வீட்டில் காஸ் விளக்குக் கிடையாது. இதில் துப்பு என்று என்ன இருக்கிறது? தர்க்க சாஸ்திரிகளிடம் கொடுத்தால் தலை பெரிதாக இருந்தால் மூளையும் பெரிதா என்று கேட்டு எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிடுவார்கள். ஆனால் ஒரு மத்தியதரக் குடும்பம் மெள்ள மெள்ளக் கீழே இறங்குவதை ஒரு தொப்பியின் மேல் படிந்த தூசியில் காட்டிவிட்டார் ஆசிரியர். பக்கம் பக்கமாக வறுமையை வர்ணிக்கிற எத்தனை சமூக நாவல்களில் இதைப் பார்க்க முடிகிறது? அந்த வாத்தின் வயிற்றில் திருட்டு மாணிக்கம் இருக்கிறது. திருடியவன் பெரிய ஹோட்டல் ஒன்றின் சிப்பந்தி. அவன் செய்த குற்றத்துக்காக ஓர் ஏழைத் தொழிலாளி சிறையில் இருக்கிறான். எல்லாம் வெளிப்பட்டபின் திருடன் அழுகிறான். ஹோம்ஸ் கதவைத் திறந்து அவனைப் போகச் சொல்லிவிடுகிறார். அவன் சாட்சி சொல்லவில்லையானால் ஏழையின் மேலுள்ள வழக்குத் தானே விழுந்துவிடும். இவனைச் சிறைக்கு அனுப்பினால் ஆயுள் முழுவதும் சிறைப் பறவையாகிவிடுவான். தவிரவும் இது மன்னிப்புக்குரிய காலம். வருஷ முடிவில் மனுஷன் நினைக்கத் தக்க நினைப்பு இதைவிட என்ன இருக்கிறது? அதை எழுதின கையோடுதான், இந்த ஹோம்ஸை ஒழித்துவிட வேண்டும் என்று தாயாருக்குக் கடிதமும் எழுதினார்.

அடுத்த தடவை பத்திரிகை கதை கேட்டபோது, ஒரு டஜனுக்கு 1,000 பவுன் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கதைகள் 1892 டிசம்பர் முதல் ஒரு வருஷம் ஓடின. ஓடி முடிகிற டிசம்பரில்தான் அருவி.

1893 அந்த மனுஷருக்கு மோசமான வருஷம். அக்டோபரில் தகப்பனார் விடுதியிலேயே இறந்துபோனார். மனைவி லூயிஸாவுக்குக் க்ஷயரோகம் என்று அந்த வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் தீர்ப்புச் சொல்லியாயிற்று என்று அர்த்தம். சில மாதங்கள் தாங்கினால் அதிகம் என்றார்கள். மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்விட்சர்லாந்தில் க்ஷயரோகிகள் தங்குகிற டாவோஸுக்குப் போனார். லண்டனில் வாசகர்கள் ஹோம்ஸின் சாவுக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், அவருக்கு அதைக் கேட்க மனசும் இருந்திராது. ஒரு பெண்மணி அவரை மிருகமே என்று அழைத்துக் கடிதம் எழுதினாராம். இருபதினாயிரம் பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

'கடைசிப் பிரச்னை'யைத் துப்பறியும் கதை என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் அது தேறாது. அதில் மர்மமே இல்லை. குற்றம் எதுவும் நம் கண்முன் நடக்கவில்லை. துப்பு எதுவும் துலங்கவில்லை. மோரியார்ட்டி என்கிற மகா துஷ்டனைப் பற்றி அதுவரை வாசகன் கேள்விப்பட்டதில்லை. லண்டனில் நடக்கிற பாதிக் குற்றங்களுக்கு அவன்தான் மூலகாரணம் என்று ஹோம்ஸ் வாயால் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. நாடகத்தின் கடைசி அங்கத்தில் கதாநாயகனைக் கொல்லுவதற்காக மட்டும் ஒரு வேஷக்காரரை அழைத்து வந்த மாதிரி இருக்கிறது. வாட்ஸன்கூட அவனைச் சரியாகப் பார்த்ததில்லை. விக்டோரியா ரயில் நிலையத்துக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வருகிற உயரமான ஒரு மனிதன். மலைப் பாதையில் வேகமாகப் போகிற ஒரு கறுப்பு உருவம். அவ்வளவுதான். அவசரமாகக் கணக்கை முடிக்கிறவனின் கையெழுத்து கதை முழுவதும் தெரிகிறது.

ஆனாலும் கதை நம்மை விடுவதில்லை. ஏன்? இருவரும் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சுவிஸ் பையன் கடிதம் கொண்டுவருகிறான். கீழே ஹோட்டலில் ஓர் ஆங்கிலப் பெண்மணி சாகக் கிடக்கிறாள். க்ஷயரோகத்தின் கடைசிக் கட்டம். டாவோஸில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிறவள். ஆங்கில டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று ஆசைப்படுகிறாள். வாட்ஸன் டாக்டர். போகாமல் இருக்க முடியுமா? சிநேகிதரை அருவியண்டை விட்டுவிட்டுக் கீழே இறங்குகிறார். ஹோட்டல்காரரின் முகத்தைப் பார்த்ததுமே அப்படி ஒரு பெண்மணி இல்லை, கடிதம் பொய் என்பது தெரிந்துவிடுகிறது. இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி ஓட்டமும் நடையுமாக ஏறுவதற்கு இரண்டு மணி நேரம். அங்கே பாறையில் சாய்த்த ஊன்றுகோலும், வெள்ளி சிகரெட் பெட்டியின் அடியில் ஒரு கடிதமும்தான் மிச்சம்.

கதையில் பொய்யாக வந்த நோயும் ஊரும் அதே வருஷத்தில் ஆசிரியரின் வீட்டில் மெய்யாக வந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று நான் வழக்காடப் போவதில்லை. தொழிலால் டாக்டரான ஒருவர், கடமை அழைத்த இடத்துக்குப் போனதனாலேயே தமக்கு வேண்டியவரை இழந்துவிடுகிறார் என்ற இந்த ஒரு நிகழ்ச்சியில் மட்டும் எழுத்து அவசரத்தை மறந்து உயிர்பெறுகிறது என்றுதான் சொல்ல வருகிறேன். மோரியார்ட்டி காகிதம், அருவியேகூட ஒரு திரைச்சீலைதான். வாட்ஸன் மலையேறி ஓடிவருகிற அந்த இரண்டு மணி நேரம் சத்தியம். கதையை முடிக்கிற வாக்கியத்தில் ஸாக்ரடீஸின் மரணத்தைச் சொல்லி பிளேட்டோ முடிக்கிற முடிவின் சாயல் இருக்கிறது என்று பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு வாடகைத் துப்பறிவாளனுக்கு ஸாக்ரடீஸின் சரமக் கவியா என்று யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லுகிறவர் வாட்ஸன். அதனால் சிரிப்பு வருவதில்லை.

கானன் டாயில் தாம் கொல்லுவது ஹோம்ஸை என்று நினைத்தார். அவருடைய எழுத்தில் உயிர்நிலை எது என்று கேட்டால் நான் வாட்ஸனைத்தான் சொல்லுவேன். தன்னைவிடப் பெரியவன் ஒருவனைப் பக்கத்திலிருந்து பார்த்து, முழுதும் புரிந்துகொள்ளாமல், ஆனால் மனசாரப் பிரியம் வைத்துச் சொல்லுகிற ஒரு சாமானிய மனுஷனின் குரல் அது. அந்தக் குரல் கிடைத்தால் டாயிலின் கையில் தொப்பித் தூசியும் காவியமாகிறது. அது கிடைக்காவிட்டால் அவர் கெட்டிக்காரரான ஒரு கதை சொல்லி, அவ்வளவுதான்.

இதற்கு அத்தாட்சி அவர் எதை மேலான விஷயம் என்று நினைத்தாரோ அதிலேயே இருக்கிறது. அவருடைய ஆசையெல்லாம் சரித்திர நாவலில். 'தி வைட் கம்பெனி' என்று பதினாலாம் நூற்றாண்டு வில்வீரர்களைப் பற்றி எழுதி 1891இல் வெளியிட்டார். அதற்காக அவர் படித்த புத்தகங்கள் ஏராளம். கடைசி வரியை எழுதியதும் சந்தோஷம் தாங்காமல் பேனாவை அறையின் மறுகோடிக்கு வீசியெறிந்தாராம். சுவரில் மைக்கறை விழுந்ததாம். ஹோம்ஸ் கதை எதையும் முடித்துவிட்டு அவர் பேனாவை எறிந்ததாகக் கேள்வியில்லை. நாவல் மோசம் என்று சொல்ல மாட்டேன். வில் வளைகிற சத்தமும் சத்திரத்துச் சமையல் வாசனையும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மனிதர்கள் எல்லாரும் உடுத்துவிட்ட பொம்மைகள். கவசம் பளபளக்கிறது, உள்ளே ஆளைக் காணோம். யாரோ ஓர் ஆசிரியர் எங்கேயோ உயரத்தில் உட்கார்ந்து சொல்லுகிற கதை அது. பக்கத்தில் நின்று சொல்லுகிறவர் யாருமில்லை. சரித்திரப் பேராசிரியர்களின் மெச்சுதல் வேண்டும் என்ற கவலை ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

இனி, அவர் ஆசையோடு எதிர்பார்த்த வருஷத்தைப் பார்க்கலாம். ஹோம்ஸ் இல்லாத 1894. மார்ச் மாதம் டாவோஸிலிருந்து ஆரோஸாவுக்கு மலையைத் தாண்டிப் பனிச் சறுக்குக் கட்டைகளில் போனார். ஆஸ்பத்திரிக் கதைகளைத் தொகுத்து 'ரௌண்ட் தி ரெட் லாம்ப்' என்று புத்தகம் போட்டார். அக்டோபரில் அமெரிக்காவுக்குப் பிரசங்கப் பயணம். அங்கே கூடினவர்கள் ஹோம்ஸைத் தள்ளிவிட்ட ஆசாமியைப் பார்க்கத்தான் கூடினார்கள். இவ்வளவுக்கும் நடுவில், அந்த வருஷம் டிசம்பர் மாதத்து 'ஸ்ட்ராண்ட்' இதழில், ஹோம்ஸ் செத்துச் சரியாகப் பன்னிரண்டு மாதம் கழித்து, பிரிகேடியர் ஜெரார்ட் என்று ஒரு புதுப் பாத்திரம் வந்து நின்றது. நெப்போலியனின் படையிலிருந்த ஒரு கிழச் சிப்பாய் தன் பிரதாபங்களைத் தானே சொல்லிக்கொள்ளுகிற கதைகள். ஜெரார்டுக்குத் தைரியம் அபாரம். மூளை சற்றுக் குறைவு. அது அவனுக்குத் தெரியாது. சரித்திரத்தை வைத்துக்கொண்டு டாயில் எழுதியதில் இன்றும் சிரித்துக்கொண்டு படிக்கக்கூடியவை இவைதான். சொல்லுகிறவனுக்குப் புரிவதைவிட வாசகனுக்கு அதிகம் புரிகிறது என்ற அதே தந்திரம்! வாட்ஸன் அடக்கமாகச் சொன்னதை ஜெரார்ட் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லுகிறான். துப்பறியும் கதையை விட்டு ஓடிய ஆசிரியர், தமக்குத் தெரியாமலே வாட்ஸனை வேறு உடுப்பில் கூட அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1901இல் 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' வந்தது. ஹோம்ஸ் சாவதற்கு முந்திய சம்பவம் என்று சொல்லி எழுதிய நாவல். அவர் எழுதியதிலெல்லாம் அதிகம் பேர் படித்தது அதுவாகத்தான் இருக்கும். அதன் நடுப்பகுதி முழுவதும் ஹோம்ஸ் மேடையில் இல்லை. டார்ட்மூர் சதுப்பு வெளியில் வாட்ஸன் ஒற்றையாக உட்கார்ந்துகொண்டு கடிதமும் நாட்குறிப்பும் எழுதுகிறார். மூடுபனி பயமாக இருக்கிறது என்றால் அவர் பயப்படுவதனால்தான். இதற்கு நேர்மாறாக, வயசான காலத்தில், 1926இல், ஹோம்ஸே தன் கதையைச் சொல்லுகிற மாதிரி இரண்டு கதைகள் எழுதினார். சிங்கப் பிடரி போன்ற கடற்பிராணி ஒன்று வருகிற கதை அவற்றில் ஒன்று. துப்பு சுமாராகத்தான் இருக்கிறது என்பது போகட்டும்; ஹோம்ஸ் வாயைத் திறந்து தன்னைப் பற்றிச் சொன்னதும் அவரே நமக்கு அலுப்பாகிவிடுகிறார். மொத்தம் 56 சிறுகதைகளும் 4 நாவல்களும் இருக்கின்றன. அவற்றில் வாட்ஸன் இல்லாத சில கதைகளைத் தனியே எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்; நான் சொல்லுவதில் சந்தேகம் இருக்காது.

இந்த விஷயத்தில் அகாதா கிறிஸ்டி கெட்டிக்காரி. அவருடைய பிரசுராலயத்தார் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்றே விளம்பரம் செய்து வியாபாரம் பண்ணினார்கள். வருஷ முடிவு என்பது அவருக்குத் தவணைக் கெடு. எர்க்யூல் புவாரோவை அவருக்கும் பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் அவர் அதைக் கதைக்குள்ளேயே சிரிப்பாக மாற்றிக்கொண்டார். அரியாட்னி ஆலிவர் என்று ஒரு துப்பறியும் நாவலாசிரியை அவர் கதைகளில் வருவாள். பின்லாந்துக்காரத் துப்பறிவாளன் ஒருவனைத் தெரியாத்தனமாகச் சிருஷ்டித்துவிட்டு, வாசகர்கள் விடமாட்டேன் என்கிறார்களே என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். மேலான நாவல் எழுத வேண்டும் என்கிற ஆசையையும் அவர் சத்தம் போடாமல் தீர்த்துக்கொண்டார். மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் 1930க்கும் 1956க்கும் இடையே ஆறு நாவல்கள். புவாரோவைக் கொல்லுகிற 'கர்ட்டன்' நாவலை இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவிலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, மேலும் முப்பது வருஷம் புவாரோவை வைத்துப் பிழைத்தார். அது வெளிவந்தது 1975இல். அடுத்த ஜனவரியில் அவரும் காலமானார். இதிலும் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புவாரோவின் வாட்ஸன் என்று சொல்லத் தக்க காப்டன் ஹேஸ்டிங்ஸை 1937க்குப் பிறகு எந்த நாவலிலும் அவர் சேர்க்கவில்லை. புவாரோவின் மரணத்தை எழுத வேண்டி வந்தபோது மட்டும் ஹேஸ்டிங்ஸைத் திரும்ப அழைத்து வந்து, அவர் வாயால் சொல்லவைத்தார். அழுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் தமிழிலும் இந்த ஜாதி நாவல்களை இலக்கியப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிற பழக்கம் பழையது. வடுவூர் துரைசாமி ஐயங்காரையும், ஆரணி குப்புசாமி முதலியாரையும், 'ராஜாம்பாள்' எழுதிய ஜே. ஆர். ரங்கராஜுவையும் விமரிசகர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அவர்களிடம் பெரிய பக்தி கிடையாது. ஆனால் தள்ளுவதற்குச் சொல்லுகிற காரணம் சரியில்லை. துப்பறிகிற விஷயம் மட்டம் என்கிறார்கள். விஷயம் மட்டமானால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை நாம் எதற்காகத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்? அதில் துப்பு என்பதே கிடையாது. அசட்டு அதிர்ஷ்டம்தான் இருக்கிறது. சாம்புவைப் பக்கத்தில் நின்று பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லுகிற தேவனின் குரலுக்காகத்தான் படிக்கிறோம். அந்தக் குரல் இல்லாத நூற்றுக்கணக்கான நாவல்கள், சமூக நாவல்களும் சரித்திர நாவல்களும் உள்பட, பழைய புத்தகக் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. அடுத்த வருஷம் உண்மையான நாவல் எழுதப்போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்லுகிற துப்பறியும் நாவலாசிரியரிடம், எழுதுங்கள், ஆனால் இதுவரை யார் குரலில் சொல்லி வந்தீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு எழுதுங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

ஹோம்ஸை விட்டபின் சில வருஷங்கள் வரைக்கும் கானன் டாயில் பிடிவாதமாக இருந்தார். வாத்து ஈரலில் செய்கிற ஒரு பண்டத்தை ஒருநாள் அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு, பின்னால் பெயரைக் கேட்டாலே குமட்டுகிற மாதிரிதான் தமக்கு ஹோம்ஸ் என்று சொன்னார். 1902இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. மனைவி சில மாதம்தான் என்று டாக்டர்கள் சொன்னதைப் பொய்யாக்கி 1906 வரையில் இருந்தார். 1903இல், பணம் பெரிதாகக் கொடுக்கிறோம் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு பத்திரிகை கேட்டபோது, டாயில் ஹோம்ஸை எழுப்பச் சம்மதித்தார். உடல் கிடைக்காத சாவு ஆனதனால் எழுப்புவதில் சிரமம் இருக்கவில்லை. பள்ளத்தில் விழுந்தது மோரியார்ட்டி மட்டும்தான் என்று ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

'காலி வீடு' என்ற அந்தக் கதையில் வாட்ஸன் இன்னும் டாக்டராகத்தான் இருக்கிறார். பழைய புத்தகம் விற்கிற கூனல் கிழவர் ஒருவர் அவர் அறைக்கு வருகிறார். அலமாரியில் ஒரு வரிசையில் இடம் காலியாக இருக்கிறதே, ஐந்து புத்தகம் வாங்கி வைத்தால் சரியாக இருக்கும் என்கிறார். வாட்ஸன் திரும்பி அலமாரியைப் பார்க்கிறார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் மேஜைக்கு அப்பால் ஹோம்ஸ் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். யுத்த களத்தையெல்லாம் பார்த்த அந்த மனுஷர், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மூர்ச்சை போட்டு விழுகிறார். கதை எழுதப்பட்டது 1903இல். ஆனால் ஹோம்ஸ் திரும்பி வந்த நாள் என்று ஆசிரியர் கதைக்குள் குறித்திருப்பது 1894ஆம் வருஷத்து வசந்த காலம்.